மழையும் மண்ணும் மாதரும்

மாத்தளை மாவட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தென்கிழக்கே மேகம் தவழும் நக்கிள்ஸ் மலைத்தொடர். அதன் உயர்ந்த சிகரம் 1,900 மீற்றருக்கும் மேற்பட்டது. அதன் சாரலிலே ஏலமும் மிளகும் தேயிலையும் செழிக்கும். வடக்கே தம்புள்ளை, கலேவெல முதலிய ஊர்களைக் கொண்ட உலர்ந்த சமவெளி. அங்கே குளத்து நீரை நம்பி நெல்லும் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. மலையில் மழை மிகுந்தால் மண் சரிகிறது. சமவெளியில் மழை பொய்த்தால் குளம் வற்றுகிறது. மிகையும் குறையுமாகிய இவ்விரு துன்பமும் ஒரே மாவட்டத்தில், சில வேளைகளில் ஒரே ஆண்டில், நேர்வதுண்டு.

காலநிலை மாறுகிறது, அதற்கேற்ப வாழ்க்கையையும் தொழிலையும் மாற்றியமைத்தல் வேண்டும் என்று இன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. இவ்வாறு மாற்றியமைப்பதனை இசைவாக்கம் என்பர். சொல் புதிதாயினும் செயல் புதிதன்று. மாத்தளை மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாக வரட்சிக்கும் வெள்ளத்துக்கும் பயிர்நோய்க்கும் ஏற்ப நீரையும் நிலத்தையும் திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்தி வந்துள்ளனர். நேயர்களே, அவ்வாறு ஒழுங்குபடுத்திய ஒவ்வொரு முறையும் உழைப்பின் சுமை எவர் தோளில் ஏறியது? உரிமைப் பதிவேட்டில் எவர் பெயர் எழுதப்பட்டது? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து எமது மாவட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மாத்தளை நகருக்கு அண்மையில், தம்புள்ளைக்குச் செல்லும் வீதியோரத்தில், அலுவிகாரை உள்ளது. அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இவ்விடத்திலேயே ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று அக்காலத்தில் நாட்டை வாட்டிய கொடும் பஞ்சம். ஓதுவோர் பசியால் மடியின் ஓதப்பட்டதும் மடியும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது என்பர். எழுதப்பட்டது எஞ்சும், எழுதப்படாதது அழியும் என்னும் இப்பாடம் நூலுக்கு மாத்திரம் உரியதன்று. காணிக்கும் நீருக்கும் கூலிக்கும் அது பொருந்தும் என்பதைப் பின்வந்த நூற்றாண்டுகள் காட்டின.

முற்காலத்து மன்னர் வரட்சியை வெல்ல நீரைத் தேக்கினர். நக்கிள்ஸ் மலையின் நீரையும் சேர்த்துக்கொண்டு மாவட்டத்தின் ஊடாக ஓடும் அம்பன் கங்கையை எலஹெர என்னும் இடத்தில் மறித்து, வடகிழக்குச் சமவெளிக்குக் கால்வாய் வெட்டிய பெருமை வசப மன்னனுக்கு உரியதெனக் கூறுவர். பின்னர் மகாசேனன் அதனை நீட்டி மின்னேரிக் குளத்தோடு இணைத்தான். இவை அரசர் செய்த பெரும்பணிகள். ஊர் மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கோ இவற்றினும் நுட்பமானது. சிறுபோகத்தில் குளத்து நீர் வயல் முழுமைக்கும் போதாதெனக் கண்டால், மதகுக்கு அண்மையிலுள்ள பகுதியை மாத்திரம் பயிரிடத் தீர்மானித்து, அப்பகுதியைக் காணிக்காரர் யாவருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்தளிப்பர். கடைமடையில் வயல் உள்ளவனும் அப்போகத்தில் தலைமடையில் விதைப்பான். இதனைச் சிங்களத்தில் பெத்ம என்பர். பஞ்சத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு இதனினும் சிறந்த முறை காண்டல் அரிது.

எனினும் பெத்மப் பங்கு காணிக்காரருக்கே உரியது. காணி பெரும்பாலும் ஆணின் பெயரில் இருந்தது. கண்டிச் சட்டம் இதில் பெண்ணுக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது என்பதை மறுத்தலாகாது. மணமகள் கணவன் வீடு சென்று வாழ்வது தீக விவாகம். கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வது பின்ன விவாகம். பின்ன முறையில் மணந்த மகள் தந்தையின் காணியில் தன் பங்கை இழக்கவில்லை. தீக முறையிற் சென்றவளோ பொதுவாக அதனை இழந்தாள். ஆகவே பிறந்த ஊரின் குளத்து நீரில் அவளுக்கு இருந்த பங்கும் அவளோடு போகவில்லை.

குளத்துக்கு அடுத்தபடியாக மக்களைக் காத்தது சேனைப் பயிர். நெல் பொய்த்த ஆண்டிலும் குரக்கனும் சோளமும் எள்ளும் பயறும் அடுப்பை அணையாது வைத்தன. சேனைக்குக் காட்டை வெட்டுவதும் எரிப்பதும் ஆணின் வேலை. விதைப்பதிலும் களை பிடுங்குவதிலும் கதிர் கொய்வதிலும் பெண்ணின் கை மிகுந்திருந்தது. நல்ல கதிரைத் தெரிந்து, அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றி, அடுத்த மழைக்கு விதை காத்தவள் அவளே. எந்த விதை எத்தனை நாள் வரட்சியைத் தாங்கும் என்பது அவள் அறிந்த கல்வி. ஆனால் அக்கல்வியை ஏட்டில் எழுத எவரும் முற்படவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏடு ஓர் ஆயுதமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நிறுவமுடியாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொள்ள வழிசெய்தது. மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. ஊரார் சேனை செய்துவந்த காடுகள் பல அவர்தம் கையை விட்டு நீங்கின. காணியிழப்பும் புதிய வரிகளும் மூட்டிய சினமே 1848ஆம் ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சியாக வெடித்தது. அக்கிளர்ச்சியின் வீரர் பெயரை எம் மாணவர் அறிவர். வரட்சிக்கு உதவிய சேனையும் அதனோடு கூடிய விதையறிவும் ஒருசேரக் குன்றியதையும் அவர் அறிதல் நன்று.

இனி மலைக்குச் செல்வோம். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை ஊடாக நடந்து, மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர் பலர். நோயாலும் நீரின்மையாலும் வழியிலேயே மடிந்தவரும் பலர். தப்பி வந்தோர் வழிபட்ட முத்துமாரியம்மன் கோயில் இன்றும் மாத்தளை நகரில் சிறப்புற்று விளங்குகிறது. மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பதும் பொருளன்றோ! கோப்பி ஆண்டில் சில மாதங்களுக்கே பெருந்தொகையான ஆட்களை வேண்டும் பயிர். ஆதலால் வந்தவருட் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர்.

1869ஆம் ஆண்டு இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டிருந்தமையால், காற்றில் பரவும் அந்நோயைத் தடுக்க ஒரு வேலியும் இருக்கவில்லை. 1880ஆம் ஆண்டு மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தபோது, அது ஏற்றிச் செல்லவேண்டிய கோப்பியே அழிந்துகொண்டிருந்தது. தோட்டத் துரைமார் சிங்கோனா, கொக்கோ, றப்பர், தேயிலை என்று மாற்றுப் பயிர்களை நாடினர். இயற்கை தந்த அடிக்கு நாடு இசைந்துகொண்ட வரலாற்றில் இது பெரியதோர் அத்தியாயம்.

இந்த அத்தியாயத்தின் நடுவே நிற்பவள் பெண். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. உரிய நாளில் கொய்யாவிடின் இலை முற்றிப் பயனற்றுப்போகும். ஆகவே பருவத்துக்கு வந்துபோகும் ஆண்களைக்கொண்டு தேயிலைத் தோட்டத்தை நடத்த முடியாது. குடும்பங்கள் இலயங்களில் நிலையாகக் குடியேற்றப்பட்டன. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாயிற்று. கோப்பி வீழ்ந்த பின்னர் இந்நாட்டின் பொருளாதாரம் மீண்டெழுந்தது அவர்களின் விரல்நுனியில் என்று கூறின் அது மிகையாகாது.

அவர்களுக்குக் கிடைத்தது யாது? 1927ஆம் ஆண்டு நிறைவேறிய குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு அதனிற் குறைந்த விகிதம், பிள்ளைக்கு மேலும் குறைந்த விகிதம் என வகுக்கப்பட்டது. பெண்ணின் கூலியைக் கணவனோ தந்தையோ கைநீட்டிப் பெறும் வழக்கமும் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. 1931ஆம் ஆண்டு இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து ஆணும் பெண்ணும் நாடற்றோராயினர். ஆண், பெண் கூலி தோட்டத்தில் சமமானது 1984ஆம் ஆண்டிலேதான். இலைத்துரு கண்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 115 ஆண்டுகள்! மாற்றத்தின் சுமை உடனே வந்தது. மாற்றத்தின் நீதி ஒரு நூற்றாண்டு தாழ்த்தி வந்தது.

நிற்க. சமவெளியில் நடந்ததென்ன? அழிந்த குளங்களைத் திருத்தி, காணியற்ற குடியானவரை உலர்வலயத்தில் குடியமர்த்தும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதற்கு அடித்தளமானது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். எமது மாவட்டத்தில் தேவஹுவ முதலிய குடியேற்றங்கள் இவ்வழியில் எழுந்தன. காணி துண்டுபட்டுச் சிதறுதல் கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். ஆகவே அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காது இறந்தால், காணி ஒருவருக்கே செல்ல வேண்டும். அவ்வொருவர் யார் என்று சட்டத்தின் அட்டவணை வரிசைப்படுத்தியது: மகளுக்கு முன் மகன், தாய்க்கு முன் தந்தை, சகோதரிக்கு முன் சகோதரன். கைம்பெண் தன் ஆயுட்காலத்துக்கு அனுபவிக்கலாம். அதற்குப்பின் அவ்வட்டவணையே ஆளும்.

1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் விரைவாக்கப்பட்ட மகாவலித் திட்டத்திலும் காணி குடும்பத் தலைவர் பெயரிலேயே பெரும்பாலும் வழங்கப்பட்டது. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்பது எவரும் கேள்வி கேளாத வழக்கம். பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் 1976ஆம் ஆண்டு உக்குவளை வழியே எமது மாவட்டத்துக்குள் புகுந்தது. பின்னர் போவத்தன்னையும், 2018ஆம் ஆண்டளவில் மொரகஹகந்தவும் களு கங்கை நீர்த்தேக்கமும் எழுந்தன. பழைய லக்கல பல்லேகம நகரம் நீருள் ஆழ்ந்தது. புதிய நகரம் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வரட்சிக்கு எதிராக மாவட்டம் பெற்ற பெருஞ்செல்வம் இந்நீர்த்தேக்கங்கள். எனினும் ஊர் மாறிய பெண்ணுக்கு, புதிய காணியின் பத்திரத்தில் தன் பெயர் உண்டா என்பதே வாழ்க்கை வினா.

இவ்வினா வெறும் மானப் பிரச்சினையன்று. வில்கமுவப் பிரதேசத்தை எண்ணிப் பாருங்கள். உலர்வலயத்து ஊர்களை வாட்டும் சிறுநீரக நோய் அங்கும் பரவியுள்ளது. நோயுற்ற கணவன் பாயிற் கிடக்க, வயலையும் வீட்டையும் வைத்தியசாலைப் பயணத்தையும் ஒருங்கே நடத்துபவள் மனைவி. போகத் தொடக்கத்தில் நீர் திறக்கும் நாளையும், எவ்வளவு நிலம் விதைப்பது என்பதையும், பெத்ம வேண்டுமா என்பதையும் முடிவுசெய்யக் கன்னக் கூட்டம் கூடும். அங்கே காணிக்காரர் என்று அழைக்கப்படும் பெயர் அவளுடையதன்று. வரட்சி இழப்பீட்டுப் பட்டியலும் வங்கிக் கடனும் அந்தப் பெயரையே கேட்கின்றன. உழுபவள் ஒருத்தி, பதிவேட்டில் இருப்பவன் மற்றொருவன் என்றால், அனுப்பிய உதவி சேரவேண்டிய கையைச் சேராது.

பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின்னர், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் இவ்வாண் பெண் வேற்றுமையை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டில் நிறைவேறியது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் 87 ஆண்டுகளாக எழுதப்பட்ட பத்திரங்கள் ஒரு திருத்தத்தால் தாமே மாறிவிடா. பின்னுரித்தாளராக மகளையும் பெயர் குறிக்கலாம் என்பதை அறியாத குடும்பங்கள் கிராமங்களில் உள்ளன. சட்டம் கொழும்பில் திருந்தினால் போதாது. பிரதேச செயலகத்தின் கோப்பிலும் வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் அது திருந்த வேண்டும்.

உலகநாடுகளும் இவ்வழியே சிந்திக்கின்றன. 2014ஆம் ஆண்டு பெரு நாட்டின் லீமா நகரில் கூடிய காலநிலை மாநாடு பால்நிலைச் சமத்துவத்துக்கென ஒரு வேலைத்திட்டத்தை ஏற்றது. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரை, இசைவாக்கப் பணி ஆண் பெண் இருபாலாரின் தேவைகளையும் கருத்திற்கொண்டு நடைபெறுதல் வேண்டும் என்கிறது. உடன்படிக்கையின் சொல் நடைமுறையில் எவ்வாறு உயிர் காக்கும் என்பதற்கு வங்காளதேசம் சான்று. 1991ஆம் ஆண்டுப் புயலில் அங்கு ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். அவருள் பெண்கள் ஆண்களினும் மிகப் பலர். எச்சரிக்கை ஆடவர் கூடும் இடங்களில் ஒலித்தது. வீட்டிலிருந்த பெண்ணோ பிள்ளைகளையும் பொருளையும் விட்டு நீங்க இயலாது, பிறர் முன்னிலையில் புகலிடம் செல்ல நாணி, காலந் தாழ்த்தினாள். இன்று அந்நாட்டின் புயல் முன்னாயத்தத் தொண்டருள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் பெண்கள். வீட்டு வாயிலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டால் மற்றொரு பெண் வெளியே வருகிறாள். அங்கு உயிரிழப்புப் பெரிதும் குறைந்தமைக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எமது மலைக்கும் இது பொருந்தும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கை முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாட்டு மாவட்டங்கள் மண்சரிவால் பெரிதும் இடருற்றன. மாத்தளையும் அவற்றுள் ஒன்று. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. அது கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணுக்குத் தமிழில், உரிய நேரத்தில், எவர் வாயிலாகச் சேரும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டியதொன்று. கையடக்கத் தொலைபேசி கணவனின் சட்டைப்பையில் இருந்து, அவன் நகரத்துக்கு வேலைக்குச் சென்றிருந்தால், எச்சரிக்கையும் அவனோடு நகரத்துக்குச் சென்றுவிடும்.

இப்புயலுக்கு முன்னரே எமது மாவட்டத்துக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியிருந்தது. நக்கிள்ஸ் மலையின் நீரேந்து பகுதிகளிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் சிறு கமக்காரரும் தோட்ட மக்களும் காலநிலை இடர்களைத் தாங்க உதவும் திட்டமொன்றுக்குப் பசுமைக் காலநிலை நிதியம் 2020ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. கிராமத்துக் கமக்காரரையும் தோட்டத்துத் தொழிலாளரையும் ஒரே நீரேந்து பகுதியின் மக்களாகக் காண்பது நல்ல தொடக்கம். மலையில் மண் அரித்தால் சமவெளியில் குளம் தூரும் என்பதை இயற்கை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

ஆயினும் மரம் நடுவதாலும் வாய்க்கால் திருத்துவதாலும் மாத்திரம் இசைவாக்கம் நிறைவுறாது. கூட்டத்துக்குப் பெண்களை அழைத்துக் கணக்குக்கு எண்ணிவிட்டு அனுப்புவதும் சமத்துவமாகாது. நாற்றுமேடையும் நீர்ப்பாய்ச்சலும் வீட்டுத்தோட்டமும் பெண்களின் கூலியில்லா வேலையாக வந்து சேர்ந்தால், கோப்பி வீழ்ந்த காலத்துக் கதையே வேறு பெயரில் மீண்டும் நடந்ததாகும். ஆகவே ஒவ்வொரு திட்டமும் மூன்று ஏடுகளைத் திறந்துகாட்ட வேண்டும். ஒன்று காணி, வீட்டு உறுதி ஏடு: அதில் கணவன் மனைவி இருவர் பெயரும் உண்டா? இரண்டாவது கமக்காரர் அமைப்பின் ஏடு: அதில் பெண்கள் வாக்குள்ள அங்கத்தவரா, பதவியில் உள்ளனரா? மூன்றாவது கூலி, இழப்பீட்டு ஏடு: பணம் உழைத்தவளின் கையில் சேர்கிறதா?

இவற்றுள் முதலாவது ஏட்டுக்கு இப்போது அவசரம் உண்டு. மண்சரிவுக்கு அஞ்சி இடம் மாறும் குடும்பங்களுக்குப் புதிய வீடும் காணியும் வழங்கப்படுங்காலை, அவ்வுறுதியை எவர் பெயரில் எழுதுவது என்பது ஓர் எழுதுவினைஞரின் மேசையில் சில நிமிடங்களில் முடிவாகிவிடும். அம்முடிவு இரு தலைமுறைக்கு நிலைக்கும். தலைமுறை தலைமுறையாக இலயத்து அறையில், தமக்குரியதல்லாத மண்ணில் வாழ்ந்து கொழுந்து பறித்தவர்களுக்கு, கிடைக்கும் முதற் காணியிலும் பெயர் இல்லையெனில் அதனை எவ்வாறு நீதி என்போம்?

பாடசாலை அதிபர் பணியில் நாள்தோறும் கையாளப்படுவது பதிவேடு. வரட்சி நீளும் மாதங்களில் எந்தப் பிள்ளை வரவில்லை என்று அது சொல்லும். கிணறு வற்றிய ஊரின் பெண்பிள்ளை நீர்க்குடத்தோடு நடப்பதை அந்த வெற்றிடம் உணர்த்தும். அப்பிள்ளை நாளை தாயாவாள், கமக்காரியாவாள், ஒரு குளத்தின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும் கூடும். அவளுக்கு நாம் கற்பிக்கும் வரலாற்றில் மன்னர் கட்டிய அணைகளோடு, விதை காத்த கைகளும் கொழுந்து பறித்த விரல்களும் இடம்பெறட்டும். நீர் பங்கிடும் நாளில் அவள் பெயரும் வாசிக்கப்படட்டும். மழை எவர் பெயரையும் கேட்டுப் பெய்வதில்லை. பங்கிடும் நாமே பெயர்களைக் கேட்கிறோம். அந்த ஏட்டைத் திருத்துவது எம் கையில் உள்ளது.